மட்டக்களப்பிலிருந்து கொழும்பு: முதன்முதலாக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு நாள் வழிகாட்டி

நம்ம பக்கத்து ஆட்கள் பலருக்குக் கொழும்பு என்றால் பத்தரமுல்லை பாஸ்போர்ட் கந்தோர், மஹரகம ஆஸ்பத்திரி, வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சி. விடியக்காலையில் போய் இறங்கி, வரிசையில் நின்று, அலுவல் முடிந்ததும் அன்றிரவே கோச்சி ஏறிவிடுகிறோம். எத்தனையோ தடவை போய் வந்தும் நூதனசாலைக்குள் கால் வைக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தமான விஷயம். கொழும்பில் பார்க்க இருப்பவற்றில் பல நம்ம கிழக்கோடு நேரடித் தொடர்புள்ளவை. நம்ம ஊர்க் கதை தெரிந்தவருக்கு அந்த நகரம் இன்னும் நன்றாகப் புரியும்.

அடுத்த தடவை அலுவலுக்குப் போகும்போது இரண்டு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: நாளைப் பாருங்கள்

நம்ம ஊரில் மாரி நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். கொழும்பு அப்படியில்லை. அங்கே மே மாதத்திலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டித் தீர்க்கும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நடந்து திரிய நல்ல காலம். நம்ம பக்கம் கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஜூலை, ஆகஸ்டிலும் போகலாம். ஆடிவேல் விழாவும் அந்தக் காலத்தில்தான் வரும். செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டி வரை வேல் ரதம் ஊர்வலமாகப் போவதைப் பார்க்கக் கிடைத்தால் பாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் ஜும்ஆ. போயா நாளில் விகாரைகளில் சனம் நிறைந்திருக்கும். இவற்றை யோசித்து, ஒரு வேலை நாளும் ஒரு சனிக்கிழமையுமாக அமைத்துக்கொண்டால் நல்லது.

படி 2: பயணம்

ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால், கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவர்களுக்கு இரவு பஸ்தான் லேசு. மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு நான் இரவு ரயிலைத்தான் சொல்வேன். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. ரயில் நேரங்கள் அடிக்கடி மாறுவதால் பழைய அட்டவணையை நம்பாமல் நிலையத்திலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். பாதை வாழைச்சேனை, பொலன்னறுவை, மாஹோ வழியாகப் போகிறது. பொலன்னறுவையை நினைவில் வையுங்கள், நூதனசாலையில் அந்தப் பெயர் திரும்ப வரும்.

அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், ஒரு மெல்லிய சால்வை. ஏசி இல்லாத பெட்டியிலும் விடியப்புறம் குளிரும்.

படி 3: பையை வெள்ளவத்தையில் வையுங்கள்

இறங்குகிற இடம் கொழும்பு கோட்டை நிலையம். இன்னொரு விஷயமும் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கட்டும். நாட்டின் சட்டப்படியான தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. பாராளுமன்றம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இறங்கும் கோட்டை வேறு, அந்தக் கோட்டே வேறு. ஓட்டோக்காரரிடம் சொல்லும்போது கவனம்.

தங்குவதற்கு வெள்ளவத்தை வசதி. தமிழில் கேட்கலாம், பேசலாம். நம்ம வாய்க்குப் பிடித்த சாப்பாடும் கிடைக்கும். அதே கோட்டை நிலையத்திலிருந்தே கரையோர ரயில் எடுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. வலது பக்க ஜன்னலோரம் இருங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளமும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். சின்னப் பிள்ளைகள் கூட வந்தால், இந்தக் கொஞ்ச நேரப் பயணத்துக்காகவே அவர்களுக்கு ஊர் பிடித்துவிடும். குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணியளவில் அதே ரயிலிலோ 100, 101 இலக்க பஸ்ஸிலோ திரும்பி வாருங்கள்.

படி 4: முதல் நாள், புறக்கோட்டையிலிருந்து கொச்சிக்கடை வரை நடை

இது முழுக்க நடக்கிற பகுதி. ஓட்டோ பிடித்தால் நெரிசலில் காசும் போகும், ஒன்றும் பார்க்கவும் முடியாது.

கோட்டை என்று பெயர் இருக்கிறதே என்று மதிலைத் தேடாதீர்கள். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே அதை இடித்துவிட்டார்கள். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து இந்தத் தீவில் முதலில் பிடித்த கோட்டை எது தெரியுமா? நம்ம மட்டக்களப்புக் கோட்டைதான், 1638இல். கொழும்பு அவர்கள் கைக்குப் போனது அதற்குப் பிறகு, 1656இல். தலைநகரின் கோட்டை போய்விட்டது, நம்முடையது இன்னும் வாவிக்கரையில் நிற்கிறது. ஊர் திரும்பியதும் அதைப் போய் ஆறுதலாகப் பாருங்கள்.

நிலையத்தின் முன்னால் ஒல்கொட் சிலை. அதைக் கடந்து இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் நுழையுங்கள். துணிக்கடை, செருப்புக்கடை, தலையில் மூட்டையோடு ஓடுகிற நாட்டாமைகள். எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல் திடீரென்று எழுந்து நிற்கும். 1909இல் கட்டி முடித்தது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பள்ளிவாசல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இது புதுசாக இருக்கும். முதலில் எதிர்ப்பக்கத்தில் ஒதுங்கி நின்று முழுதாகப் பாருங்கள். உள்ளே போக விரும்பினால் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடம்பை மூடிய உடுப்போடு, வாசலில் அனுமதி கேட்டுப் போங்கள்.

அங்கிருந்து செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக்கடை. கலியாண நகைக்கு நம்ம ஊரிலிருந்து இங்கே வந்து போகிற குடும்பங்கள் நிறைய. நகை வாங்காவிட்டாலும் பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கத் தெருவில் இடமில்லாத அளவுக்குக் கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த நடையில் எனக்கு மிகப் பிடித்தது அடுத்த இடம்: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1856இல் தொடங்கியது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். நம்ம ஊர்க் கோயில்களில் வர்ணம் பூசிய சுதைச் சிற்பங்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். இங்கே தூண், சுவர், கூரை எல்லாம் கல். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவசரப்படாமல் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். விளக்கு வெளிச்சத்தில் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினொரு மணிக்கு முன் போய்ச் சேருவது போல நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம். இந்துக்களும் பௌத்தர்களும்கூட நேர்த்தி வைத்து வருகிற இடம். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. அதே காலையில்தான் நம்ம சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். மட்டக்களப்பிலிருந்து போகிற ஒருவர் இங்கே சும்மா படம் எடுத்துவிட்டு வர முடியாது. மெழுகுதிரி ஒன்று ஏற்றி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். எந்தச் சமயத்தவர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

காலில் பலம் இருந்தால் மேட்டில் இருக்கிற வுல்பெண்டால் தேவாலயம் வரை ஏறுங்கள். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. தரையில் பதித்திருப்பவை அவர்களுடைய கல்லறைக் கற்கள்.

படி 5: பொழுது சாயக் காலிமுகத்திடல்

மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு நாலரை மணிக்குப் பிறகு போங்கள். அதற்கு முன் வெயில் தாங்காது. கல்லடியில் நாம் பார்ப்பது கடலிலிருந்து சூரியன் எழும்புவதை. இங்கே அது கடலுக்குள் இறங்கும். கிழக்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதை முதன்முதலாகக் காட்டும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இறால் வடை சாப்பிடாமல் வரக்கூடாது. பருப்பு வடைமேல் முழு இறாலை வைத்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாய்ச் சாறும் போட்டுத் தருவார்கள். இறாலின் ருசியில் நம்ம வாவி இறாலை இது எட்டாது, ஆனால் அந்தக் காற்றில் நின்று சூடாகச் சாப்பிடுவது தனி. பொரித்து அடுக்கி வைத்ததை வாங்காமல், சட்டியிலிருந்து எடுப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடலில் இறங்க வேண்டாம், குளிக்கிற கரை அல்ல இது.

படி 6: இரண்டாம் நாள் காலை, தேசிய நூதனசாலை

கறுவாத்தோட்டத்தில் இருக்கிறது. 1877இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் திறக்கப்பட்டது. வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரம். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா பஸ்கள் வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் பார்க்க முயற்சி செய்தால் கால்தான் வலிக்கும். மூன்றே மூன்றைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, பொலன்னறுவை வெண்கலச் சிலைகள். நீங்கள் வந்த ரயில் இரவில் கடந்த அதே பொலன்னறுவை. சோழர் காலத்திலிருந்து அங்கே இருந்த சிவன் கோயில்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தவை. நடராசரும் நாயன்மாரும் இருக்கிறார்கள். தேவாரம் பாடி வளர்ந்தவர்களுக்கு யார் யார் என்று பலகை பார்க்காமலே தெரியும்.

இரண்டாவது, கண்டி அரசர்களின் சிம்மாசனம். ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு. 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப் போய், 1934இல் திருப்பித் தந்தார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். பார்வைக்கு எடுப்பான பொருள் அல்ல என்பதால் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டு என்று திகதி பொறித்திருக்கிறது. உச்சியில் இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம். சீன எழுத்து புத்தருக்கும், தமிழ் எழுத்து தெவிநுவரைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கும், பாரசீக எழுத்து அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல். எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்தது. முன்னால் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வெளிச்சம் சாய்ந்து விழும்போது வெட்டுகள் தெளியும். 600 வருடத்துக்கு முன் இந்தத் தீவுக்கு வந்த ஒருவர், இங்கே பேச வேண்டுமானால் தமிழிலும் பேச வேண்டும் என்று தெரிந்து வந்திருக்கிறார். பிள்ளைகளை அந்தக் கல்லுக்கு முன் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் கொழும்புப் பல்கலைக்கழகம். அது இலங்கைப் பல்கலைக்கழகமாக இருந்த காலத்தில், 1943இல், அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் நம்ம காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். கல்லடி சிவானந்தாவில் அவருடைய சமாதியைக் கும்பிட்டிருப்பீர்கள். அவர் கடைசி வருடங்களில் படிப்பித்த வளாகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், வீதியிலிருந்து என்றாலும் சரி. அப்படியே நடந்தால் சுதந்திர சதுக்கம். கண்டி அரசர்களின் சபை மண்டபமான மகுல் மடுவவின் அமைப்பில் கட்டிய மண்டபம். நிழலும் காற்றும் இருக்கும், இளைப்பாறலாம்.

படி 7: மதியத்துக்குப் பின் பேரை வாவி

கங்காராமை விகாரையும், வாவிமேல் மிதப்பது போல நிற்கிற அதன் தியான மண்டபமான சீமமாலகமும். சீமமாலகத்தை வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. கோட்டேயிலுள்ள பாராளுமன்றமும் அவருடைய வேலைதான். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், அது அவர்களுடைய மனதைப் புண்படுத்தும்.

தாமரைக் கோபுரம் பக்கத்தில்தான், கிட்டத்தட்ட 350 மீட்டர். பிள்ளைகள் கேட்டால் ஏறுங்கள். பணம் குறைவு என்றால் நான் அதை விட்டுவிடச் சொல்வேன், வாவிக்கரையிலிருந்தே வடிவாகத் தெரியும்.

படி 8: மிச்ச நேரம்

இரவு ரயிலுக்கு முன் நேரம் கிடைத்தால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகம் இருக்கிறது. ஏதாவது கூட்டமோ நூல் வெளியீடோ நடந்தால் போய் உட்காருங்கள், யாராவது ஒரு மட்டக்களப்பு ஆள் கட்டாயம் இருப்பார்.

மூன்றாம் நாளும் கையில் இருந்தால் களனி விகாரைக்குப் போங்கள். சோலியஸ் மெண்டிஸ் வரைந்த சுவரோவியங்களும் விபீஷணனுக்கு ஒரு சந்நிதியும் அங்கே உண்டு. காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். பையை வெள்ளவத்தையில் எடுத்துக்கொண்டு கோட்டை நிலையத்துக்கு வரும்போது மாலை நெரிசலைக் கணக்கில் வையுங்கள். பஸ்ஸை விடக் கரையோர ரயில்தான் அந்த நேரத்தில் நம்பிக்கையானது.