மலையகத்தின் ஈரக் காற்றில் உராய்வு மின்னாக்கி: மென்மையாக்கிய பிவிசி ஜெல் செய்து சோதிக்கும் முறை

இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது பிறக்கும் மின்னேற்றத்தைச் சுற்றொன்றின் வழியாக ஓடவைத்துப் பயன்கொள்ளும் உராய்வு மின்னாக்கியை, 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனத்தில் சொங் லின் வாங் தலைமையிலான குழு அறிமுகப்படுத்தியது. அதன் இயக்கத்தை, மின்புலம் தூரத்தோடு மாறும் விதத்தைக் கொண்டு விளக்கும் கோட்பாடொன்றை 2017 இல் இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டவர்களுள் இஷார தர்மசேன, ரவி சில்வா ஆகிய இலங்கையரும் அடங்குவர். நம் நாட்டவரின் பங்கு இவ்வளவு நெருக்கமாக உள்ள துறை என்பதாலும், செலவு குறைவு என்பதாலும், உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கு இது மிகவும் பொருத்தமான செய்முறை என்று கருதுகிறேன். ஆனால் வெளிநாட்டு ஆய்வறிக்கையில் உள்ள அளவுகளை அப்படியே எதிர்பார்த்து ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தொடங்குபவர், தொடும் பரப்புகளுள் ஒன்றாக அமையும் பிவிசி (நீர்க்குழாய் செய்யும் பிளாஸ்ரிக்) ஜெல்லின் தரத்தை விடக் காற்றின் ஈரப்பதனே தம் முடிவைத் தீர்மானிப்பதை விரைவில் காண்பார். ஆகவே உச்ச மின்னழுத்தத்தைத் தேடாமல், ஈரமான நாளிலும் ஏற்றத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் ஜெல்லைத் தேடுவதே இங்குச் சரியான இலக்கு.

பிவிசியின் சங்கிலியில் உள்ள குளோரீன் அணுக்கள் இலத்திரன்களைக் கவர்வதால், அது உராய்வில் எதிரேற்றம் பெறும் பொருள்களுள் ஒன்றாக விளங்குகிறது. கடினமான பிவிசி சுமார் 80 பாகை செல்சியசு வரை விறைப்பாகவே இருக்கும். மென்மையாக்கி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தின் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கிடையே புகும்போது, சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமை குறைந்து, அறை வெப்பநிலையிலேயே பொருள் நெகிழ்கிறது. இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. நெகிழ்ந்த மேற்பரப்பு எதிர்ப் பொருளின் மேடுபள்ளங்களுக்குள் பதிந்து கூடிய பரப்பில் தொடுகிறது. அத்துடன் மூலக்கூற்று இருமுனைவுகள் எளிதாகத் திரும்ப முடிவதால் மின்னுழைய மாறிலியும் (மின்புலத்தில் பொருள் முனைவுறும் அளவு) உயர்கிறது. எனினும் மென்மையாக்கியை மேலும் மேலும் சேர்த்தால் பயனும் கூடிக்கொண்டே போகும் என்று எண்ணக்கூடாது. ஓரளவுக்கு மேல் ஜெல் பிசுபிசுத்து எதிர்ப் படலத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். பிறந்த ஏற்றமும் அதன் ஊடாகவே கசிந்துவிடும்.

முதற் சோதனைக்கு ஜெல் வார்க்க வேண்டியதே இல்லை. உணவு மேசையின் மேல் விரிக்கும் தெளிவான, தடித்த மென்பிளாஸ்ரிக் விரிப்புகளிற் பல மென்மையாக்கிய பிவிசியே ஆகும். அதில் ஒரு துண்டை வெட்டிச் சவர்க்கார நீரில் கழுவி நன்கு உலர்த்தி, கீழே கூறப்படும் கருவியில் பொருத்திப் பழகிக்கொள்ளுங்கள். கருவியும் அளவீடும் கைவந்த பின்னர் ஜெல்லுக்குச் செல்வதே சிக்கனமான வழி.

ஜெல் வார்ப்பதற்குத் தூய பிவிசித் தூள், மென்மையாக்கி, ரெட்ராஐதரோபியூரான் என்னும் கரைப்பான் ஆகிய மூன்றும் தேவை. நீர்க்குழாயைச் சுரண்டி எடுத்த தூள் பயன்படாது. அதில் நிரப்பிகளும் நிலைப்படுத்திகளும் கலந்திருக்கும். மென்மையாக்கியாக டைபியூற்றைல் அடிப்பேற்றையோ அசற்றைல் டிரைபியூற்றைல் சித்திரேற்றையோ தெரிவுசெய்யலாம். தாலேற்று வகை மென்மையாக்கிகளைத் தவிர்க்கும்படி வற்புறுத்துகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுட் சிலவற்றைச் சிறுவர் விளையாட்டுப் பொருள்களில் 2005 ஆம் ஆண்டின் பணிப்புரை மூலம் கட்டுப்படுத்தியதற்குத் தக்க காரணம் உண்டு. மாணவர் கையால் தொட்டுப் பழகும் பொருளில் அவை இருக்க வேண்டியதில்லை.

கரைப்பானைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது 66 பாகையில் கொதிப்பது. அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியைத் தருவது. அந்த ஆவி காற்றை விடப் பாரமானதாகையால் தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டக்கூடியது. பழைய போத்தல்களில் வெடிக்கக்கூடிய பேரொட்சைட்டுகள் உருவாகியிருக்கலாம். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) அறையிலோ வீட்டுச் சமையலறையிலோ இதைத் திறக்கவே கூடாது. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆவிபோக்கி உள்ள ஆய்வுகூடத்தில், பொறுப்பாளர் ஒருவரின் மேற்பார்வையிலேயே இந்தப் பகுதியைச் செய்ய வேண்டும். பாடசாலையில் அவ்வசதி இல்லையெனில், ஆசிரியர் மூலம் பேராதனைப் பல்கலைக்கழகம் அல்லது பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் அனுமதி கேட்பது நன்று.

2 கிராம் பிவிசித் தூளையும் 2 கிராம் மென்மையாக்கியையும் 30 மில்லிலீற்றர் கரைப்பானில் இட்டு, மூடிய கண்ணாடிக் குடுவையில், தூள் முற்றாகக் கரைந்து திரவம் தெளியும் வரை வெப்பமின்றிக் கலக்குங்கள். இதற்குச் சில மணித்தியாலங்கள் ஆகும். குமிழிகள் அடங்கிய பின் 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, சமதளத்தில் வைத்த கண்ணாடித் தட்டில் ஊற்றி, மேலே துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி, ஆவிபோக்கிக்குள்ளேயே மெல்ல ஆவியாகவிடுங்கள். அவசரப்பட்டால் மேலே தோல் கட்டி உள்ளே குமிழிகள் சிறைப்படும். கரைப்பான் நீங்கியபின் அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய தடிப்பில் ஒரு படலம் எஞ்சும். எடை மேலும் குறையாது நிற்கும்போதுதான் அது உலர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். இதே முறையில் மென்மையாக்கியை 4 கிராமாகவும் 8 கிராமாகவும் கூட்டி மேலும் இரண்டு படலங்கள் வார்த்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அவை தடித்துவரும் என்பதால், தடிப்பைச் சமப்படுத்த ஊற்றும் கரைசலின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்கு இரண்டு மரப்பலகைத் துண்டுகள் போதும். கீழ்ப்பலகையில் அலுமினியத் தாளை ஒட்டி, அதன் மேல் ஜெல்லைக் காற்று அகப்படாமல் ஓர் ஓரத்திலிருந்து அழுத்திப் படியவையுங்கள். மேற்பலகையிலும் அலுமினியத் தாளை ஒட்டி, அதன்மீது நேரேற்றம் பெறும் நைலோன் துணியைப் பொருத்துங்கள். நான்கு மூலைகளிலும் பஞ்சுத் துண்டுகள் வைத்து, இடைவெளி 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை இருக்கச் செய்யுங்கள். ரெஜிபோம் (பொலிஸ்ரைரீன் நுரை) துண்டுகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மென்மையாக்கி பொலிஸ்ரைரீனை இளக்கி உருக்குலைத்துவிடும். இரண்டு தாள்களிலிருந்தும் கம்பிகளை எடுத்து, நான்கு 1என்4148 இருவாயிகளால் ஆன, மின்னோட்டத்தை ஒரே திசைப்படுத்தும் பாலச் சீராக்கியின் வழியாக 1 மைக்குரோபரட்டுப் படலக் கொள்ளளவியுடன் இணையுங்கள். மின்பகுப்புக் கொள்ளளவிகளில் கசிவு அதிகமாதலால் அவை இவ்வளவு சிறிய ஏற்றத்துக்கு ஒவ்வா.

அளவீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண மல்ரிமீற்றரின் உட்தடை 10 மெகாஓம் அளவே ஆகையால், அதை நேரடியாக மின்னாக்கியில் வைத்தால் காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. கொள்ளளவியில் வைத்தாலும் அதுவே ஏற்றத்தை உறிஞ்சத் தொடங்கும். 1 மைக்குரோபரட்டுடன் நேரமாறிலி, அதாவது அழுத்தம் ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறையும் நேரம், 10 செக்கனே. எனவே மீற்றரைக் கழற்றிவைத்து, சீரான வேகத்தில் 100 முறை அழுத்தியபின் மீற்றரைத் தொட்டு, முதலில் தோன்றும் எண்ணையே குறித்துக்கொள்ள வேண்டும். 3 வோல்ற்று கிடைத்தால் சேமித்த சத்தி 4.5 மைக்குரோயூல் மட்டுமே. ஒரு வாற்று மின்விளக்கை ஒரு செக்கன் எரிக்கத் தேவையான 1 யூலுடன் ஒப்பிடும்போது இது மிகச் சிறிய அளவு. லயங்களுக்கு வெளிச்சம் தருவது இதன் வேலையன்று. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் மூட்டை வைக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பை எழுப்பும் பாய் போன்ற உணரியாகவே இதற்கு உண்மையான பயன் இருக்கிறது.

ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பு, கருவியை அழுத்தாமல் அதே நேரத்துக்கு விட்டுப் பார்ப்பது கட்டாயம். அயலிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹேட்ஸ் தாக்கமும் பாலச் சீராக்கியூடாகக் கொள்ளளவியை ஏற்றக்கூடும். அந்த அளவைக் கழித்தபின் எஞ்சுவதே உங்களுடையது. ஜெல்லுக்குப் பதிலாகக் கடினப் பிவிசித் தகட்டை வைத்தும் ஒருமுறை அளந்தால், மென்மையாக்கத்தின் பங்கு தனியே தெரியும்.

ஈரப்பதனை ஈர-உலர் குமிழ் வெப்பமானியால் அளந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் வீட்டிலிருந்தால் அதை வாசிக்கும் முறையைச் சொல்லித் தருவார். மேற்பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலத்தின் வழியே ஏற்றம் ஒழுகிவிடுவதால், மூடுபனிக் காலையிலும் வெயில் ஏறிய பகலிலும் ஒரே ஜெல் வேறு வேறு விடையைத் தரும். மேற்குச் சரிவில் சனவரி முதல் மார்ச் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் யூன் முதல் ஓகத்து வரையும் ஒப்பீட்டுக்கு ஏற்ற உலர்ந்த காலங்கள். பிற காலங்களில் பலகைகளின் ஓரங்களை நெகிழும் பிளாஸ்ரிக் உறையால் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமொன்றை வையுங்கள். உயரத்தையும் மறக்க வேண்டாம்: சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்களவே. இந்த இடைவெளியில் காற்று சற்றுக் குறைந்த மின்னழுத்தத்திலேயே மின்கடத்தத் தொடங்குவதால், மேற்பரப்பு தாங்கக்கூடிய ஏற்றத்தின் உச்சமும் இங்கு குறையும். கொழும்பில் எடுத்த எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜெல் நைலோனில் ஒட்டினால், அடுத்த படலத்தைக் கண்ணாடிக்குப் பதிலாக நுண்ணிய மணல்தாளின் மேல் வார்த்துச் சொரசொரப்பான முகத்தை மேலாக வையுங்கள். வாரம் ஒருமுறை படலத்தை வெள்ளைத் தாளின் மீது சிறிது நேரம் வைத்து எண்ணெய்க் கறை படிகிறதா என்று பார்ப்பதும், எடையைக் குறிப்பதும் மென்மையாக்கி வெளியேறும் வேகத்தைக் காட்டும். பழுதடைந்த படலங்களைக் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். பிவிசி எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். அவற்றைத் தனி உறையிலிட்டு, வார்த்த ஆய்வுகூடத்திடமே ஒப்படையுங்கள்.