கிறிஸ்துமஸ் பரபரப்பில் தியான நேரம்: நாம் செய்கிற தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவ வீடுகளில் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. வெள்ளையடிக்க வேண்டும், நட்சத்திரம் கட்ட வேண்டும், குடில் வைக்க வேண்டும், தைக்கக் கொடுத்த துணிக்கு நாலு நடை நடக்க வேண்டும். சபையில் பாடகர் குழுவின் பயிற்சி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை, வாலிபர்களின் கேரல் ரவுண்ட்ஸ். இத்தனைக்கும் காரணமானவரோடு கால் மணி நேரம் அமைதியாக இருக்க முடியாமலே 25ஆம் தேதி வந்துவிடுகிறது. நேரமே கிடைக்கவில்லை என்கிறோம். அது பாதிதான் உண்மை. நேரத்தை நாம் தேடுகிற விதத்திலேயே சில தவறுகள் இருக்கின்றன.

வேலையெல்லாம் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலும் முதல் தவறு. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடியட்டும், பலகாரம் சுட்டு முடியட்டும், அப்புறம் நிம்மதியாக வேதத்தை எடுக்கலாம் என்று தள்ளிவைக்கிறோம். தேர்வு முடிகிற வாரத்தில்தான் ஊருக்குப் போகிற பயணம், வந்து இறங்குகிற விருந்தாளிகள் எல்லாம். சரி, பண்டிகை ஆராதனையிலாவது மனம் அடங்கும் என்று பார்த்தால், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் அது விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. கத்தோலிக்கருக்கு நள்ளிரவுத் திருப்பலி. முந்தின நாள் முழுக்க ஓடிய உடம்போடு போய் நிற்கிறோம். மாதம் முழுவதும் ஒரு நாளும் அமர்ந்திராத மனம் அந்த ஒரு மணி நேரத்தில் திடீரென்று அமராது.

திருச்சபை இதை என்றைக்கோ யோசித்துவிட்டது. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளை ஆயத்தக் காலமாக ஒதுக்கி வைத்தது. கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்கிறார்கள், மற்ற சபைகளில் அட்வென்ட் என்கிறோம். பலிபீடத்துக்கு அப்போது போடுகிற ஊதா நிறம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து (தவக்கால) நாட்களிலும் போடுகிற அதே நிறம்தான். லெந்துக்கு உபவாசம், தினசரி தியானக் கூட்டம் என்று எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! அட்வென்ட் வந்தால் மட்டும் முதல் வாரத்திலேயே கேக் வெட்டிக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிடுகிறோம். ஆயத்தப்படவே ஒரு காலம் இருக்கிறது என்பதைச் சபைகளும் அடிக்கடி நினைவுபடுத்தினால் நல்லது.

கிறிஸ்து பிறந்த இரவிலும் சந்தடிதான். பிரசவம் முடிந்த களைப்பு, சத்திரத்தில் இடமில்லாத அலைச்சல், முன்பின் தெரியாத மேய்ப்பர்கள் உள்ளே வந்து தூதர்களைக் கண்ட கதையைச் சொல்கிறார்கள். அதற்கு நடுவில்தான் 'மரியாளோ அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்' என்று லூக்கா எழுதுகிறார். எல்லோரும் போன பிறகு என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு தவறு, திட்டத்தைப் பெரிதாகப் போடுவது. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்று என்று பலர் தொடங்குகிறார்கள். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் முதல் அதிகாரத்திலேயே 80 வசனங்கள். இரண்டு நாள் விடுபட்டால் மூன்று அதிகாரம் பாக்கி, அதோடு வாசிப்பே நின்றுபோகிறது. ஓய்வான மாதத்துக்கு அது நல்ல திட்டம், டிசம்பருக்கு வேண்டாம். லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 132 வசனங்கள். 24 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஐந்தோ ஆறோ வரும்.

அந்த ஐந்து வசனத்தை ஒரு முறை வாய்விட்டு, ஒரு முறை மனதுக்குள் வாசியுங்கள். இதில் யார் இருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எதற்காகக் காத்திருக்கிறார் என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பிறகு சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம். இதற்குக் கால் மணி நேரம் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து வாசிக்க வேண்டாம், அன்றைய பகுதிக்கே போய்விடுங்கள். விட்டதைப் பிடிக்கப் போனால் தியானம் வீட்டுப்பாடம் ஆகிவிடும். இப்படி மெதுவாகப் போகும்போது அந்த முதல் அதிகாரம் முழுக்கக் காத்திருப்பு என்பது தெரிய வரும். சகரியா பிள்ளை பிறந்து பேர் வைக்கும் வரை பேச்சிழந்திருக்கிறார். அவர் மனைவி எலிசபெத்து கர்ப்பவதியாகி ஐந்து மாதம் வெளியே வராமல் இருக்கிறாள். மரியாள் அவளோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருக்கிறாள். 80 வசனத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினால் இதெல்லாம் கண்ணில் படாது.

கைபேசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேதம் அதில் இருக்கிறது, வசதிதான். கூடவே குடும்பக் குழு, சபைக் குழு, பழைய பள்ளித் தோழர் குழு என்று வாழ்த்துப் படங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் போட்டால் பத்து நிமிடம் போய்விடும். டிசம்பரில் மட்டுமாவது அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனை வேறு அறையில் வையுங்கள். காலையில் நாலு பேருக்கு வசனப் படம் அனுப்பிவிட்டு அன்றைய தியானம் முடிந்தது என்று நினைக்கும் பழக்கமும் நிறையப் பேருக்கு வந்துவிட்டது. அனுப்புங்கள், ஆனால் அந்த வசனத்தோடு நீங்கள் உட்கார்ந்த பிறகு அனுப்புங்கள்.

சபை ஊழியத்தில் ஓடுகிறவர்களுக்கு வருகிற தவறு வேறு. பாடகர் குழுவில் இருப்பவர், நாடகம் பழக்குகிறவர், நள்ளிரவு தாண்டியும் வீடு வீடாகக் கேரல் பாடப் போகிறவர் எல்லோரும் தேவனுடைய வேலையைத்தான் செய்கிறார்கள். அதுவே தியானத்துக்கு ஈடு என்று எண்ணும்போதுதான் உள்ளுக்குள் வறண்டுபோகிறார்கள். இயேசுவே ஒரு மாலை முழுக்க நோயாளிகளைச் சுகப்படுத்திவிட்டு, மறுநாள் இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. பாடகர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு: இந்த ஆண்டு பாடப்போகிற கீர்த்தனையை, ராகத்தையும் தாளத்தையும் விட்டுவிட்டு, வரிகளை மட்டும் ஒரு முறை ஜெபமாக வாசித்துப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் வேதத்தில் ஊறி எழுதிய வரிகள் அவை. சுருதி சேர்ந்ததா என்ற கவலையில் பொருள் நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுகிற தவறை இனிச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் அமைதியாக ஜெபிக்க வேண்டுமென்றால் அவருடைய வேலையை இன்னொருவர் செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இன்னொருவர் அம்மாவோ மனைவியோதான். குடும்பத்தார் எல்லாரும் முன்னறையில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாட்டுப் பாடுகிறார்கள், அவர் மட்டும் அடுப்பில் எண்ணெய் காய்வதால் கடைசி ஜெபத்துக்கு ஓடி வருகிறார். அதிரச மாவு, அச்சு முறுக்கு, கேக், விருந்துச் சமையல் எல்லாம் முடித்து அவர் படுக்கப் போகும்போது வேதத்தைத் திறக்கத் தெம்பு இருக்காது. இதில் பிரசங்கத்தில் வேறு, மார்த்தாளைப் போல இருக்காதீர்கள், மரியாளைப் போல இருங்கள் என்று அவருக்கே புத்தி சொல்கிறோம்! லூக்கா 10ஆம் அதிகாரத்தில், வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் சகோதரி மரியாள் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க, வேலையில் தவித்த மார்த்தாள் கேட்டது ஒரு கைதான்: எனக்கு உதவி செய்யச் சொல்லும் என்றாள். மரியாள் தெரிந்துகொண்டதாக இயேசு சொன்ன நல்ல பங்கைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவள் மட்டும்தானா? வீட்டில் உள்ள மற்றவர்கள் எழுந்து சமையலறைக்குப் போனாலே அவளும் வந்து உட்காரலாமே.

ஆகவே இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். காலையில் ஒரு கால் மணி நேரம் அம்மாவுடையது; அந்த நேரத்தில் காபி போடுவது, பிள்ளைகளைக் கிளப்புவது, கேஸ்காரருக்குக் கதவு திறப்பது எல்லாம் மற்றவர் பொறுப்பு. அக்கம்பக்கத்து இந்து, இஸ்லாமிய வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புகிற நல்ல வழக்கத்தை விடவே கூடாது. ஆனால் தட்டில் ஆறு வகை இருக்க வேண்டுமா? இரண்டு வீட்டில் சுட்டது, ஒன்று கடையில் வாங்கியது என்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. முறுக்கு பிழியும்போது மனதுக்குள் ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பது இனிமையானதுதான். அதைக் காட்டி, அவளுக்குத் தனியாக நேரம் எதற்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மகிழ்ச்சியாக இருந்தால்தான் கிறிஸ்துமஸ் தியானம் என்று நினைப்பதும் தவறு. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் பலர் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அப்படி இருக்கிறவர்கள், இந்த முறை நமக்கு ஒன்றுமில்லை என்று வேதத்தையும் மூடி வைத்துவிடுகிறார்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: ஏரோது ராஜாவுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடுகிற குடும்பம், பிள்ளைகளைப் பறிகொடுத்து ஆறுதலடையாமல் அழுகிற ராகேல். நம் கடற்கரை ஊர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. அங்கே பல குடும்பங்களுக்குப் பண்டிகையும் நினைவு நாளும் அடுத்தடுத்து வருகின்றன. அழுதுகொண்டே ஜெபிக்கலாம். ஒன்றும் சொல்லத் தோன்றாவிட்டால் ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுச் சும்மா இருக்கலாம்.

கடைசியாக, 25ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது. திருச்சபை நாட்காட்டியில் அன்றுதான் கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குகிறது. பழைய வழக்கப்படி ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாள். டிசம்பர் முழுக்க உட்கார முடியாதவர்களுக்கு இந்த நாட்கள் நல்ல வாய்ப்பு. பள்ளிக்கும் விடுமுறை, பலகாரமும் மிச்சமிருக்கிறது, ஒத்திகை எதுவுமில்லை. 31ஆம் தேதி இரவு வருட முடிவு ஆராதனையில், புத்தாண்டுக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை வாங்கப் போகும் முன்பு லூக்கா 2:21இலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள், தேவாலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள், அங்கே வயதான சிமியோனும் அன்னாளும் வருகிறார்கள். நாளுக்கு ஒரு பகுதியாக அதை வாசித்துவிட்டு, ஜனவரி 6 வரும்போது மத்தேயுவில் கிழக்கத்திய சாஸ்திரிகள் (ஞானிகள்) நட்சத்திரத்தைப் பின்பற்றி வந்த பகுதிக்குப் போகலாம்.