பழத்தோல் சாறு புற்றுச் செல்லைக் கொன்றது என்னும் ஆய்வை எப்படிப் படிப்பது?

மாதுளைத் தோலிலுள்ள புனிகலாஜின், வெங்காயச் சருகிலுள்ள குவெர்செடின், திராட்சைச் சக்கையிலுள்ள ரெஸ்வெரட்ரால் ஆகியவை புற்றுச் செல்களின் பெருக்கத்தைத் தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் பல காட்டியுள்ளன. அத்தகைய கட்டுரை ஒன்று கைக்கு வந்தால், முடிவுரைக்குப் போகுமுன் செய்முறைப் பகுதியைப் படியுங்கள். சோதித்தது தூய சேர்மமா, முழுச் சாறா என்பதும், சாறு எனில் எந்தக் கரைப்பானில் இறக்கினார்கள், அதில் எது எவ்வளவு இருந்தது என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

பெரும்பாலும், செல்களின் உயிர்ப்பைச் சாயத்தால் அளக்கும் எம்டிடி சோதனையே செய்திருப்பார்கள். உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும். ஊதா குறைந்தால் செல்கள் குறைந்தன என்று கொள்வார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்றும் அடங்கும் தாவரச் சேர்ம வகையான பாலிபீனால்கள், சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்க வல்லவை. எனவே சாறும் சாயமும் மட்டும் இட்ட குழி, கரைப்பான் மட்டும் சேர்த்த செல்களின் குழி ஆகிய இரண்டும் ஒப்பீட்டுக்கு இருந்தனவா என்று தேடுங்கள். சில பாலிபீனால்கள் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்ஸிஜனேற்றமடைந்து செல்களைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதால், அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த பிறகும் விளைவு நீடித்ததா என்று சோதித்த ஆய்வை நான் கூடுதலாக மதிப்பேன். இயல்பான செல்களையும் அதே செறிவு கொன்றிருந்தால், அது வெறும் நச்சு.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் செறிவுதான். பாதி செல்களைத் தடுக்கும் அளவான ஐசி50, உண்பவரின் ரத்தத்தில் எட்டக்கூடியதா என்று பாருங்கள். 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலை விழுங்கியவர்களின் ரத்தத்தில், மாறாத வடிவில் அது மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. அதாவது, செறிவின் அலகான மைக்ரோமோலாரில் சொன்னால், சுமார் 0.02-க்கும் குறைவு. சோதனைத் தட்டில் செல்கள்மீது இடுவதோ பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை. புனிகலாஜினும் அப்படியே ரத்தத்தில் கலப்பது அரிது. அதிலிருந்து வரும் எலாஜிக் அமிலத்தைக் குடல் நுண்ணுயிரிகள் யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. ஆகையால் உடல் உண்மையில் சந்திக்கும் அந்த யூரோலித்தினைச் சோதித்த ஆய்வுக்கே எடை அதிகம்.

சோதனைத் தட்டு, எலி ஆகியவற்றைத் தாண்டி மனிதர்களிடம் சோதனை நடந்ததா என்பதையும் விட்டுவிடாதீர்கள்; அங்கே எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவும் வரலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான சோதனையில், கேரட் போன்றவற்றிலுள்ள நிறமியான பீட்டா கரோட்டினை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது.

சிகிச்சையில் இருப்பவர்கள் தோல் பொடியையோ சாற்றையோ தாமாகத் தொடங்க வேண்டாம். தோலில் பூச்சிக்கொல்லி எச்சம் தங்கியிருக்கலாம்; ஆப்ரிகாட் விதைப்பருப்பிலுள்ள அமிக்டலின் உடலில் சயனைடை வெளியிடும்; சில தாவரச் சேர்மங்கள் புற்றுநோய் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை ஆபத்தாக உயர்த்திவிடும்.