பானை வேறு, சோறு வேறு: புதுப் பிஸ்டலுக்குக் கருத்துக் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்காருவோம். வீட்டுக் கதை, வேலைக் கதை எல்லாம் பேசி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "அண்ணே, அந்தப் புதுப் பாலிமர் பிஸ்டல் எப்படியாம்?" பாலிமர் என்றால் பிடிப்பகுதி உறுதியான பிளாஸ்டிக்கில் ஆனது. எங்கள் துப்பாக்கி சுடும் சங்கம் பயிற்சிக்கு இன்னொரு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இளையவர்கள் வெளிநாட்டில் வாங்கியவர்கள் சொன்னதையெல்லாம் திரட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர், "5,000 ரவுண்டு சுட்டாச்சு, ஒரு தடவைகூட மாட்டலை" என்கிறார். இன்னொருவர், "இரண்டாவது மேகசினிலேயே மாட்டிக்கொண்டது, குப்பை" என்கிறார். (மேகசின் என்பது தோட்டா நிரப்பும் கூடு; தோட்டா சிக்கிப் பிஸ்டல் நின்றுபோவதைத்தான் மாட்டுவது என்கிறோம்.)

இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். கோளாறு பெரும்பாலும் கேட்கிறவர்களிடம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நானே செய்த தவறுகளும் இதில் உண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாட்டி சொன்னது சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். ஆனால் ஜனவரியில் செய்த பிஸ்டலும் ஆகஸ்டில் செய்த பிஸ்டலும் ஒரே பானையில் வெந்தவை அல்ல. பெயர் ஒன்றுதான், உள்ளே ஸ்பிரிங் மாறியிருக்கும், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஸ்டிரைக்கர் மாறியிருக்கும்.

சிக் சாவர் நிறுவனத்தின் பி365 பிஸ்டல் நல்ல உதாரணம். 2018 தொடக்கத்தில் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் மேகசினில் 10 தோட்டா கொள்ளும் என்றதும் அமெரிக்காவில் அள்ளிக்கொண்டு போனார்கள். முதலில் வாங்கிய சிலருக்கு ஸ்டிரைக்கர் உடைந்தது, டிரிகரைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங் போனது. நிறுவனம் பாகங்களை மாற்றியது. அதன் பிறகு விஷயம் தெரிந்தவர்கள் பெட்டியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்கினார்கள். ஆரம்பத்தில் வாங்கியவர் திட்டியதும் நியாயம், ஒரு வருடம் கழித்து வாங்கியவர் புகழ்ந்ததும் நியாயம். தேதியைக் கேட்காமல் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் ஒன்றும் தேறாது. கிளாக் நிறுவனப் பிஸ்டலின் நான்காம் தலைமுறைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2010இல் வந்தது, 2011இல், சுட்டதும் பின்னால் போகும் மேல்பகுதியை (ஸ்லைடை) திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை இலவசமாக மாற்றித் தந்தார்கள். கிளாக்குக்கே அப்படி என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. "300 ரவுண்டு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று கேட்டதும் மனசு நிறைந்துவிடுகிறது. புள்ளியியலில் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கோளாறே இல்லாமல் எத்தனை முறை ஓடியதோ, அந்த எண்ணால் 3ஐ வகுத்துக்கொள்ள வேண்டும். 300 முறை சுட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், கோளாறு நூற்றில் ஒன்றைத் தாண்டாது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். நூற்றில் ஒன்று என்றால் ஒரு போட்டி நாளில் ஓரிரு முறை ஸ்லைடைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கலாம். 3,000 ரவுண்டு சுட்டவர் பேச்சுக்குத்தான் ஆயிரத்தில் ஒன்று என்ற எடை வருகிறது. அதுவும் அவர் கையில் இருக்கும் அந்த ஒரு பிஸ்டலுக்கு மட்டும்.

சரி, 10,000 ரவுண்டு சுட்டவர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? இங்கேதான் நான் ஒரு காலத்தில் நன்றாக ஏமாந்தேன்.

அதே சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வந்தது 2014இல். வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதே குடும்பத்துப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்ததும் இனி யார் குறை சொல்ல முடியும் என்று ஆகிவிட்டது. நானும் சங்கத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதே வருடம் ஆகஸ்டில், தோட்டா ஏற்றிய நிலையில் குறிப்பிட்ட ஒரு சாய்வில் ஸ்லைடின் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தால், டிரிகரைத் தொடாமலேயே வெடிக்கலாம் என்று சோதித்தவர்கள் காட்டினார்கள். வழக்கமான விழுதல் சோதனைகளில் அது தேறித்தான் இருந்தது. அந்தச் சோதனைகளில் இந்தச் சாய்வு இல்லை. விழும் வேகத்தில் டிரிகரே தன் கனத்தால் பின்னால் நகர்ந்துவிடுவதுதான் காரணம். நிறுவனம் 'விருப்பத்தின் பேரில் மேம்பாடு' என்று அறிவித்து, டிரிகர், ஸ்டிரைக்கர் முதலியவற்றின் கனத்தைக் குறைத்து, டிரிகரின் இணைப்பைத் துண்டிக்கும் பாகமான டிஸ்கனெக்டர் ஒன்றையும் கூடுதலாக வைத்துக் கொடுத்தது. டிரிகரைத் தொடாமலேயே வெடித்தது என்று அதன் பிறகும் அமெரிக்காவில் வழக்குகள் வந்தன, நிறுவனம் மறுத்துவந்திருக்கிறது.

மூன்று வருடமாக 'அருமை' என்று சொன்ன ஆயிரக்கணக்கானவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. தோட்டா போட்ட பிஸ்டலை யாராவது அந்தச் சாய்வில் கீழே போட்டுப் பார்ப்பார்களா? உரிமையாளரின் திருப்தி அவர் செய்து பார்த்த காரியத்துக்கு மட்டுமே சாட்சி. பிடி வசதியா, டிரிகர் மென்மையா, குறி சரியாக விழுகிறதா, இதெல்லாம் அவருக்குத் தெரியும். அரிதாக வரும் ஆபத்து அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 2013இல் ஸ்பிரிங்ஃபீல்டு நிறுவனம் தன் எக்ஸ்டி-எஸ் பிஸ்டல்களைத் திரும்ப அழைத்தபோதும் இப்படித்தான். தோட்டா ஏற்றும்போது தானாக வெடிக்க அரிதாக வாய்ப்பிருந்தது. பாதுகாப்பு என்று வரும்போது நூறு பாராட்டைத் தள்ளிவைத்துவிட்டு, நிறுவனத்தின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தை ஒருமுறை பார்ப்பது மேல். அந்தப் பழக்கம் எங்கள் சங்கத்தில் இன்னும் முழுதாக வரவில்லை.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதையும் மறக்கக்கூடாது. காசு போட்டு வாங்கியவருக்கு அது நல்ல பொருளாகத்தான் இருந்தாக வேண்டும். வாங்கிய முதல் மாதத்தில் எழுதிய கருத்தை நான் படிப்பதே இல்லை.

இப்போது திட்டுகிற பக்கத்துக்கு வருவோம். போன வருடம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, பாலிமர் பிஸ்டல் ஒன்றை மூன்று மேகசின் சுட்டார். ஐந்து முறை மாட்டியது. சுட்ட வெற்றுக்கூடு ஸ்லைடின் வாயில் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. "இது டப்பா, அண்ணே" என்று மேசையில் வைத்துவிட்டார். எங்களோடு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் உண்டு, சார்ஜன் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் அதே பிஸ்டலை எடுத்து, அதே பெட்டித் தோட்டாவை நிரப்பி, வரிசையாகச் சுட்டு முடித்தார். ஒன்றும் மாட்டவில்லை. "மணிக்கட்டை வாழைத்தண்டு மாதிரி வெச்சிருந்தா அது என்னடா செய்யும்?" என்றார்.

விஷயம் இதுதான். சுட்டதும் ஸ்லைடு பின்னால் போக வேண்டும், பிடி அசையாமல் நிற்க வேண்டும். பிடியை நிறுத்திவைப்பது நம் கை. மணிக்கட்டு தளர்ந்தால் பிடியும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகிறது, ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல் பாதியில் திரும்புகிறது. எஃகு பிஸ்டலில் இதை அதன் கனமே ஓரளவு தாங்கிக்கொள்ளும். சிஇசட் 75 ஒரு கிலோ அளவு இருக்கும். பாலிமரில் ஆன கிளாக் 17 காலி மேகசின்கூட இல்லாமல் 630 கிராம் சொச்சம்தான். அதனால் 'மாட்டிக்கொண்டது' என்று ஒருவர் சொன்னால், சுட்டவர் எத்தனை நாளாகச் சுடுகிறார் என்பதை முதலில் கேளுங்கள். அடுத்து மேகசின். மேகசின்களில் 1, 2, 3 என்று எண் எழுதிவைத்துச் சுட்டாரா? எல்லாக் கோளாறும் இரண்டாம் நம்பர் மேகசினில்தான் வந்தது என்றால் பிஸ்டலைத் திட்டிப் பயனில்லை.

தோட்டாவையும் கேட்க வேண்டும். 9 மில்லிமீட்டர் என்ற ஒரே பெயரில் 115, 124, 147 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் சிறு அலகு) எடைகளில் தோட்டா உண்டு, வேகமும் வேறு. 'உதை ரொம்ப மென்மை' என்று ஒருவர் எழுதினால் அவர் மெதுவான தோட்டாவைப் போட்டிருக்கலாம். ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் அமைப்பின் போட்டியில் 'மைனர்' என்ற குறைந்தபட்ச வலுக் கணக்குக்கு எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 115 கிரெயின், 1,100 அடி என்றால் 126.5. மயிரிழையில் தேறுகிறது. அதே தோட்டாவைக் குட்டையான குழல் கொண்ட பிஸ்டலில் போட்டால் வேகம் குறையும், தேறாமலும் போகலாம். போட்டிக்குப் போகிறவர் இதைக் கேட்காமல் 'மென்மை' என்ற சொல்லைக் கேட்டு மயங்கினால், போட்டி நாளில் வேகம் அளக்கும் கருவி முன்னால் முகம் தொங்கிவிடும்.

வறண்ட ஊரில் இருப்பவர் 'பாலிமர், துருவே பிடிக்காது, துடைக்கக்கூட வேண்டாம்' என்று எழுதுவார். கோலாலம்பூரில் அதை நம்பினால் கெட்டோம். கண்ணாடி இழை கலந்த நைலான் மாதிரியான பொருள் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்லைடு, குழல், பின்கள், ஸ்பிரிங்குகள், ஸ்லைடு ஓடும் தண்டவாளம் எல்லாம் எஃகு. உள்ளங்கை வியர்வை உப்பும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் மேல்பூச்சு தேய்ந்த மூலையில் ஒரு வாரத்தில் செம்பழுப்பு தெரியும். இந்த எஃகு சமாச்சாரமே இன்னொரு பழைய கட்டுக்கதைக்கும் பதில். பிளாஸ்டிக் பிஸ்டல் எக்ஸ்ரேயில் தெரியாது என்று 1980களில் கிளாக்கைப் பற்றிப் பெரிய பீதி கிளம்பியது, அமெரிக்காவில் 1988இல் சட்டமே போட்டார்கள். கிளாக்கில் எஃகு நிறையவே உண்டு, நன்றாகவே தெரியும். பாலிமர் பிஸ்டலும் கிளாக் தொடங்கியதல்ல. ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் விபி70ஐ 1970இலேயே கொண்டுவந்துவிட்டது.

இனி வருவதுதான் நம்மவர்களுக்கு மிக முக்கியம். வெளிநாட்டு உரிமையாளர் போகிற போக்கில், "டிரிகர் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன், தனி மேகசின் இணையத்தில் வாங்கினேன்" என்று எழுதுவார். நம் ஊரில் அதைச் செய்துவிடாதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குள் அதன் பாகங்களும் அடங்கும். 'சின்ன ஸ்பிரிங்தானே' என்று பொட்டலம் வரவழைத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. அசல் கிடைக்காது என்று அதே உருவத்தில் பொம்மைத் துப்பாக்கி, ஜெல் குண்டுத் துப்பாக்கி வாங்குவதும் தப்பவைக்காது. போலி ஆயுதத்துக்கு ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. என் அக்கா மகன் ஒன்றைக் கூடையில் போட்டு, பணம் கட்டுவதற்கு முன் என்னைக் கேட்டான். கேட்டதால் பிழைத்தான்.

தாய்லாந்தின் புக்கெட்டுக்குச் சுற்றுலா போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஞாபகத்துக்கு என்று ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். அப்புறம் ஐம்பது ரவுண்டு வாடகைக்குச் சுட்டதை வைத்து அந்த மாடலுக்கு மதிப்பெண் போடுகிறவர்களும் உண்டு. வாடகைத் துப்பாக்கி எத்தனை கை பட்டது, ஸ்பிரிங்கை எப்போது மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதில் கிடைப்பது பிடி எப்படி இருக்கிறது என்ற தகவல் மட்டும்.

அந்தப் பிடி விஷயத்தில் மட்டும் அடுத்தவர் கருத்து எதற்கும் உதவாது. பின்பிடியை மாற்றிக்கொள்ளும் வசதி 1990களில் வால்தர் பி99இலேயே வந்துவிட்டது. ஆனால் நடுத்தர அளவு எனக்குப் பொருந்தியது என்று ஆறடி ஆள் சொன்னால், என் அம்மா சமையலுக்கு அளக்கும் 'ஒரு கைப்பிடி' மாதிரிதான் அது. யார் கை என்று கேட்க வேண்டும்.

போன ஞாயிறு அந்த மூன்று மேகசின் தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். யார் சொன்னது, எந்த மாதம் செய்த பிஸ்டல், எத்தனை ரவுண்டு, எந்தத் தோட்டா, எந்த மேகசின் என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார். திரட்டிய 31 கருத்துகளில் ஐந்து கட்டமும் நிரம்பியவை நான்குதான். சார்ஜன் அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு 'மணிக்கட்டு' என்று எழுதிக் கொடுத்தார். சங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை.