பழைய பேக்கரியின் வரலாறு எழுத: போர்டை விட்டுவிட்டு அடுப்பிலிருந்து தொடங்குங்கள்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய பேக்கரியின் போர்டில் 'உதயம் 1948' என்று எழுதியிருந்தால், முதலில் கேட்க வேண்டியது 1948ல் எது உதயமானது என்பதைத்தான். தாத்தா கூடையில் பன் சுமந்து விற்கத் தொடங்கிய ஆண்டா, வாடகைக்குக் கடை பிடித்த ஆண்டா, சொந்த அடுப்பு கட்டியதா, இப்போதைய பெயரை வைத்ததா? பெரும்பாலான கடைகளில் இவை தனித்தனி ஆண்டுகள். குடும்பத்தார் அவற்றில் மூத்ததை எடுத்து போர்டில் எழுதிவிடுவார்கள். அது பொய்யல்ல. ஆனால் எழுதுகிறவர் நான்கையும் நான்கு வரியில் பிரித்து எழுத வேண்டும்.

கடை கைமாறும், போர்டுக்குப் புதுப் பெயின்ட் வரும். விறகில் எரியும் செங்கல் அடுப்பு மட்டும் கட்டிய இடத்திலேயே கிடக்கும். அதை அளந்துவிட்டால் வாய்மொழித் தகவல்களைச் சரிபார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும். தீ அணைந்த பிறகும் உள்ளே வெகுநேரம் சூடு நிற்கும். ஆகவே விடுமுறைக்கு மறுநாள், விறகு வைப்பதற்கு முன் போய், அடி குறித்த மூங்கில் கழியை வாய் வழியாக விட்டு உள்தளத்தின் நீள அகலத்தை அளங்கள். பத்துக்குப் பத்து அடி என்றால் 14,400 சதுர அங்குலம். 400 கிராம் ரொட்டி டின் ஒன்றுக்கு இடைவெளியும் சேர்த்து ஏறத்தாழ 9க்கு 5 அங்குலம் கொடுத்தால், ஒரு தடவைக்கு 320 டின் நிற்கும். "அந்தக் காலத்தில் தினம் ஆயிரம் ரொட்டி போட்டோம்" என்று பெரியவர் சொன்னால், மூன்று ஈடுக்குச் சற்று மேல், ஓர் இரவில் முடிகிற வேலைதான். ஐயாயிரம் என்றால் இரண்டாவது அடுப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள்.

முதலாளியைவிட இரவு வேலைக்காரரிடம் அதிகம் கிடைக்கும். எந்தச் சூட்டில் எது உள்ளே போனது என்று வரிசையாகக் கேளுங்கள்: முதலில் ரொட்டி, பிறகு பன், சூடு இறங்க இறங்க பிஸ்கட், கடைசியில் ரஸ்க். தூத்துக்குடிப் பக்கமென்றால், முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரிப்பருப்பு சேர்த்த மக்ரூன் மிதமான சூட்டில் நெடுநேரம் காயும். இந்த வரிசை மாறிய ஆண்டுதான் பெரும்பாலும் விறகு போய் டீசல் அடுப்போ கரண்ட் அடுப்போ வந்த ஆண்டு. மாவு எதில் புளித்தது என்பதையும் விடாதீர்கள். கள் ஊற்றிப் புளிக்க வைத்த கடை என்றால், 1948ல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது என்ன செய்தார்கள் என்பதே ஒரு தனி அத்தியாயம்.

பக்குவத்தைக் குறித்துக்கொள்ளும்போது 'ஒரு மூட்டை மாவுக்கு' என்ற பேச்சில்தான் பலர் சறுக்குவார்கள். முன்பு மைதா 90 கிலோ மூட்டையில் வந்தது. பிறகு 50 கிலோ மூட்டை பரவியது. "மூட்டைக்கு இரண்டு கிலோ உப்பு" என்பதை 90 கிலோவுக்கு வைத்தால் நூற்றுக்கு 2.2, ரொட்டிக்குச் சரியான உப்பு. 50 கிலோவுக்கு வைத்தால் நூற்றுக்கு 4. வாயில் வைக்க முடியாது. ஆக அவர் பெரிய மூட்டையைத்தான் சொல்கிறார். ரொட்டிக் கணக்கையும் இப்படியே பார்க்கலாம்: 90 கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 54 லிட்டர், சர்க்கரை, கொழுப்பு, உப்பு, ஈஸ்ட் எல்லாம் சேர்ந்து ஆறு கிலோ என்றால் பிசைந்த மாவு 150 கிலோ. வேகும்போது எடை குறைவதால் 400 கிராம் ரொட்டிக்கு 450 கிராம் மாவு வெட்ட வேண்டும். மூட்டைக்கு 330 ரொட்டி, மேலே சொன்ன அடுப்பில் கிட்டத்தட்ட ஓர் ஈடு. மூட்டைக்கணக்கும் அடுப்புக்கணக்கும் ஒத்துப் போனால் பெரியவரின் நினைவை நம்பலாம்.

அடுத்தது காகிதம். பரணில் கிடக்கும் பழைய ரொட்டி உறை, கேக் அட்டைப்பெட்டி, பில் புத்தகம், கடை கொடுத்த காலண்டர் எதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். தேதி இல்லாத உறையும் தன் வயதைச் சொல்லும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1க்கு முந்திய கணக்கு. நயா பைசா என்றால் அதிலிருந்து 1964க்குள். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்ற முகவரி 1969 ஜனவரிக்கு முந்தியது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. பெரியார் மாவட்டம், காமராஜர் மாவட்டம் போன்ற தலைவர் பெயர்கள் 1997க்குப் பின் நீங்கிவிட்டன. சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி 2001ஐ ஒட்டி வந்தது. ₹ குறி 2010 ஜூலையில். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் 2011 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

எழுத்தையும் பாருங்கள். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போன்ற வளைவு போட்டு எழுதப்பட்டன. ணா, றா, னா சுழித்து வந்தன. பேக்கரி உறையில் 'விலை' என்ற சொல் எப்படியும் இருக்கும், அதில் லையைப் பாருங்கள். 'அண்ணா சிலை அருகில்' என்ற முகவரி கிடைத்தால் ஒரே வரியில் இரண்டு எழுத்து. 'மதுரை' உதவாது, ரை மாறவே இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய அச்சு பிளாக்கை வைத்துப் பல ஆண்டு அச்சடித்த கடைகள் உண்டு, பெரியாரின் இதழ்களோ புது எழுத்தை 1935லிருந்தே பயன்படுத்தின. எழுத்து வடிவம் துணைச் சாட்சி மட்டுமே. பின்கோடு, ₹ போன்றவை உறுதியாகச் சொல்வது 'இதற்கு முன் இல்லை' என்பதை. அணா சொல்வது 'ஏறத்தாழ இதற்குப் பின் இல்லை' என்பதை. இரண்டு எல்லையும் கிடைத்தால்தான் காலம் சுருங்கும்.

நகராட்சித் தொழில் உரிமம், மின் இணைப்பு அட்டை, சொத்து வரி ரசீது, கூட்டுப் பங்கு ஒப்பந்தம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மாவு பிசையும் மெஷின் எந்த ஆண்டு வந்தது என்பதற்கு, மின் இணைப்பில் கூடுதல் பளு வாங்கிய தேதியைவிட நல்ல சான்று இல்லை. பில்லில் 33ல் தொடங்கும் 11 இலக்க எண் இருந்தால் அது 2007 ஜனவரியில் வந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) காலம். 15 இலக்கம் 2017 ஜூலைக்குப் பிந்திய ஜி.எஸ்.டி.

பேட்டி எடுக்கும்போது "எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது, வாய்க்கு வந்த பத்தாண்டைச் சொல்வார்கள். "எம்.ஜி.ஆர். இறந்த அன்று கடை எங்கே இருந்தது? அப்போது பன் என்ன விலை?" என்று கேளுங்கள். 1964 டிசம்பர் புயல், 1984ல் இந்திரா கொலை, 1987 டிசம்பர் 24ல் எம்.ஜி.ஆர். மறைவு, வீட்டுக் கல்யாணம், மூத்த பிள்ளை பள்ளியில் சேர்ந்தது என்று நான்கைந்து முளை அடித்துவிட்டால் மற்றதை அவர்களே இடையில் கட்டிவிடுவார்கள். மாவு பிசையும் மெஷின் ஓடும் நேரத்தில் பதிவு செய்யாதீர்கள், பேச்சே கேட்காது.

புகழ்பெற்ற கதைக்கும் இதே சோதனைதான். கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கியதும், 1883ல் முர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் கேட்டபடி கிறிஸ்துமஸ் கேக் செய்ததும் எல்லாரும் எழுதுவது. சிலர் அந்த பிரவுனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் என்றும், அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்தை நிறுவியவர் என்றும் சேர்த்துவிடுகிறார்கள். கம்பெனி ஆட்சி 1858லேயே முடிந்தது. தோட்டம் 1790களில் உருவானது. அதை அப்போது நடத்திய பிரவுன் 1883ல் கேக் கேட்டிருக்க முடியாது. பிற்காலத்துப் பிரவுன் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கேக் கதை இதனால் பொய்யாகிவிடாது, மேலே ஒட்டிய அடைமொழிதான் உதிர்கிறது.

'ஐயங்கார் பேக்கரி' என்ற பெயரைக் கண்டதும் கிளைக் கடை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் தனித்தனி உரிமையாளர்கள் உண்டு. முதல் மாஸ்டர் எந்த ஊர்க்காரர், எந்தக் கடையில் தொழில் பழகினார் என்று விசாரித்தால் உண்மையான கிளை வழி தெரியும்.

போட்டோக்களை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். 600 டிபிஐயில் அப்படியே ஸ்கேன் செய்து, பின்பக்க எழுத்தையும் சேர்த்து எடுங்கள். லேமினேஷன் செய்தால் காகிதத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. பாகப்பிரிவினைச் சண்டையும் மசாலா அளவும் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே அச்சுக்குப் போகட்டும். ஒரு பிரதியைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்; "இது தப்பு" என்று சொல்ல ஒரு பழைய வாடிக்கையாளர் வருவார், அவர் பெயரையும் போன் நம்பரையும் குறித்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.