தென்மேற்குக் கிரீட்: காற்றைக் கேட்காமல் போடும் திட்டங்கள்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் எக்செல் அட்டவணை ஒன்று அனுப்பினார். "அக்கா, கிரீட் பிளான் போட்டாச்சு. ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க." பத்து நாள், இரண்டு குடும்பம், ஆறு பேர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் கொடுத்து அழகாகச் செய்திருந்தார். ஒன்பதாம் நாள் கட்டத்தில் "லூத்ரோ, முழு ஓய்வு" என்று இருந்தது. லூத்ரோ கார்ச் சாலை இல்லாத ஒரு கடலோர ஊர். பத்தாம் நாள் கட்டத்தில் "காலைப் படகு, மதியம் விமானம்".

அந்த இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதையேதான் நானும் எழுதி வைத்திருந்தேன். அதன்பிறகு சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் அந்தத் தென்மேற்குக் கரைக்கு எத்தனையோ பயணம் திட்டமிட்டுக் கொடுத்துவிட்டேன். புதிதாகப் போகிற எல்லோரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். தொப்பி, சன்ஸ்கிரீன், பாஸ்போர்ட் நகல் பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. காற்று சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கடற்கரைக்குக் கிளம்புவது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, கிரீட்டிலும் அதே ஜூலை, ஆகஸ்டில்தான் காற்று உச்சத்தில் இருக்கும். பேர் மெல்டெமி. ஆண்டு தவறாமல் வருவதால் பழங்காலக் கிரேக்கர்கள் இதை ஆண்டுக்காற்று என்ற பொருளில் எட்டீசியன் என்றார்கள். நம் ஆடிக்காற்றுக்கும் இதற்கும் உறவு உண்டு. கோடையில் ஆசிய நிலம் சூடேறி உண்டாகும் தாழ்வழுத்தம்தான் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருகிறது. அதன் மேற்கு வால் துருக்கி வரை நீளும். பால்கன் பக்கம் உயரழுத்தம். இரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடல் முழுக்க வடக்கிலிருந்து காற்று இறங்குகிறது.

கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம். மேற்குப் பகுதியில் லெஃப்கா ஓரி, அதாவது வெள்ளை மலைகள், 2,453 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. வடக்கே இருந்து வரும் காற்று இந்தச் சுவரில் முட்டி, பள்ளத்தாக்குகள் வழியாகத் தென்கரைக்குக் கொட்டுகிறது. மதகு திறந்த மாதிரி இருக்கும். வடகரை நகரமான ஹன்யாவில் (விமான டிக்கெட்டில் சானியா என்று படிப்பீர்கள்) இலை அசையாத காலையில்கூட தென்கரையின் ப்ளாக்கியாஸில் மேஜை விரிப்பு பறந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வடகாற்று நாளில் வடகரையில் அலை அடிக்கும். தென்கரைக் கடல் தட்டையாக இருக்கும், ஆனால் பள்ளத்தாக்கு வாயில்களில் மணல் ஊசி மாதிரி காலில் குத்தும். வாயிலை விட்டு விலகிய சிறு குடாக்களுக்குப் போங்கள். தென்காற்று வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் அதிகம். அப்போது எல்லாம் தலைகீழ்: தென்கரையில் பேரலை, சில நாள் சஹாராத் தூசியும் சேர்ந்து வரும், வடகரை அமைதியாக இருக்கும். அன்று வடக்கே போய்க் குளியுங்கள். "திங்கள் இந்தக் கடற்கரை, செவ்வாய் அந்தக் கடற்கரை" என்று ஆறு மாதத்துக்கு முன்பே எழுதி வைப்பதில் அர்த்தமில்லை.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவைப் படகு ஊரில் வைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தென்மேற்குக் கரையில் ஆயியா ரூமெலி என்று ஒரு சிற்றூர். சமரியா பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிறது. கார்ச் சாலை கிடையாது. கிழக்கே லூத்ரோ, ஹோரா ஸ்ஃபாக்கியோன், மேற்கே சூயா, பாலியோஹோரா என்று எந்தப் பக்கம் போவதானாலும் படகுதான். லூத்ரோவும் படகை நம்பித்தான் வாழ்கிறது. சாயங்காலம் பகல்நேரக் கூட்டம் கடைசிப் படகில் ஏறிப் போனதும் அந்த ஊர்களில் இறங்கும் அமைதிக்காகத்தான் எல்லோரும் கடைசி நாளை அங்கே வைக்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. வைக்கும் நாள்தான் தப்பு.

கிரீஸில் காற்றை பொஃபோர் கணக்கில்தான் பேசுவார்கள். 7 என்றால் மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர். 8 என்றால் 62 முதல் 74. கடல் கெட்டால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அபகோரெஃப்திகோ என்று பெயர். தடை என்று பொருள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தக் கரையில் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

எங்களுக்கு நடந்தது அக்டோபர் முதல் வாரத்தில். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். ஆயியா ரூமெலியில் இரண்டு இரவு, மூன்றாம் நாள் காலைப் படகு, மாலையில் ஹன்யாவிலிருந்து ஏதென்ஸ், அங்கிருந்து இன்னொரு கம்பெனியின் விமானத்தில் ஊர். முதல் நாள் மத்தியானம் விடுதிக்காரம்மா துணி உலர்த்திக்கொண்டே தெற்குக் கடலைக் காட்டி, "இன்று சாயங்காலப் படகிலேயே போய்விடுங்கள். நாளையும் மறுநாளும் இருக்காது" என்றார். வலக்கை விரல் ஐந்தும் இடக்கை விரல் மூன்றும் நீட்டிக் காட்டினார். எட்டு. கடல் அப்போது எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. அறை வாடகை 55 யூரோ கொடுத்தாகிவிட்டது. அதை விட மனசு வரவில்லை. தங்கிவிட்டேன்.

மறுநாள் படகு இல்லை. அதற்கடுத்த நாள் காலை பெட்டியை இழுத்துக்கொண்டு துறைக்குப் போனால் டிக்கெட் கூண்டின் கண்ணாடியில் கையால் எழுதிய ஒரு தாள். நான்கு மூலையும் டேப் ஒட்டியிருந்தும் நடுவில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஓடும் கப்பல்கள் முன்பக்கத்துப் பலகையைச் சிமென்ட் துறையில் இறக்கித்தான் ஆட்களை ஏற்றும். அலை அந்தத் துறை மேலேயே ஏறி வழிந்துகொண்டிருந்தது. பலகையை எங்கே வைப்பது? நடந்து வெளியேறலாம் என்றால் மேலே சமரியா வழியாக 16 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம். கிழக்கே கடலோர மலைப்பாதையில் லூத்ரோவுக்கே ஐந்தாறு மணி நேரம். ஆறு வயதுக் குழந்தையோடும் சக்கரப் பெட்டியோடும் எந்தப் பாதையில் போவது?

இரண்டு விமானமும் போயின. தனித்தனி டிக்கெட் என்பதால் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. நான்கு பேருக்கும் புது டிக்கெட் 1,900 யூரோவுக்கு மேல். 55 யூரோவைக் காப்பாற்றப் போய் இது. பணம்கூட ஆறிவிட்டது. அந்த ஊரிலேயே பிறந்து அந்தக் கடலையே பார்த்து வளர்ந்த ஒரு பெண்மணி வாய்திறந்து சொல்லியும், என் அட்டவணையை நம்பினேனே என்பது இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகவே தம்பிக்கு எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன். படகு ஊர்களைப் பயணத்தின் முன்பாதியில் வையுங்கள். கடைசி இரண்டு இரவு சாலை போகும் ஊரில், முடிந்தால் ஹன்யாவிலேயே. படகு நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே முழுசாக ஒரு நாள் காலியாக இருக்கட்டும். கிரீட்டுக்குத் தெற்கே இருக்கும் கவ்தோஸ் தீவுக்குப் போவதானால் இரண்டு நாள். விசா விண்ணப்பத்தோடு கொடுத்த பயணத் திட்டத்தைக் கல்வெட்டு மாதிரி நினைத்துக்கொண்டு நாட்களை நகர்த்தத் தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தீவுக்குள் நாட்களை முன்பின் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகவே அறைகளை ரத்து செய்யக்கூடிய விதத்தில் பதியுங்கள், பத்து யூரோ கூடினாலும் சரி. படகு ஊரில் இருக்கும் ஒவ்வொரு மாலையும் கிரேக்க வானிலைத் துறையின் கடல் அறிவிப்பைப் பாருங்கள், விடுதிக்காரரையும் கேளுங்கள். அவர் போ என்றால் அன்றே கிளம்புங்கள். மாட்டிக்கொண்டால், படகு ஓடவில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அலை இல்லையே என்று காற்று மெத்தையை இறக்குவது

வடகாற்று நாளில் தென்கரைக் கடல் குளம் மாதிரி இருப்பதாகச் சொன்னேன். அதுதான் ஆபத்து. காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. பிளாஸ்டிக் மெத்தையில் படுத்திருக்கும் குழந்தைக்குத் தான் நகர்வதே தெரியாது. தென்கரையின் ஃப்ராங்கோகஸ்தெல்லோவில் ஒரு அப்பா மெத்தையைத் துரத்தி நீந்தியதைப் பார்த்தேன். அவர் ஒரு கை வீசினால் மெத்தை மூன்று கை தூரம் போயிற்று. நல்லவேளை, அதில் யாரும் இல்லை. எதிர்க்கரை லிபியா, 300 கிலோமீட்டருக்கு அப்பால். மெத்தையை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டே போகாதீர்கள்.

கார்

இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வடமேற்கு முனையில் இருக்கும் பாலோஸ் கடற்கரைக்குக் கடைசி 8 கிலோமீட்டர் மண்பாதை. டயரும் அடிப்பாகமும் உங்கள் காப்பீட்டில் உண்டா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள். காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள், கதவைக் கையில் பிடித்துக்கொண்டே திறங்கள். பின்னாலிருந்து வந்த ஒரே வீச்சில் கீல் மடங்கி, பிறகு மூடவே முடியாமல் போன கதவை நான் பார்த்திருக்கிறேன்.

சமரியா

மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பு. கடும் வெயிலிலும் மழை அபாயத்திலும் மூடுவார்கள். காலையில் பள்ளத்தாக்கின் மேல்பக்கத்து ஓமலோஸுக்குப் பஸ் ஏறுவதற்கு முன் கீழே படகு ஓடுகிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். செருப்பில் இறங்காதீர்கள்.

கூகுள் காட்டும் நேரம்

மலைச்சாலையில் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

சைவத்துக்குப் பயம் வேண்டாம். வேகவைத்த கீரை ஹோர்த்தா, பார்லி ரஸ்க்கில் தக்காளி போட்ட டாக்கோஸ், தேன் ஊற்றிய ஸ்ஃபாக்கியா அடை.

மணல்

எலாஃபோனிசி கடற்கரையின் இளஞ்சிவப்பு மணலை ஒரு சிட்டிகைகூட எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் வாளியைக் கிளம்பும் முன் அங்கேயே கவிழ்த்துவிடுங்கள்.