ஒரே மொபைல் எண் இருவருக்குப் போகாமல் ஒதுக்குவது எப்படி?

புதிய சிம்முக்கு எண் ஒதுக்குவது எளிய வேலையாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு கடைகளிலிருந்து ஒரே நேரத்தில் விண்ணப்பம் வந்தால், இரண்டு நிரல்களும் ஒரே எண்ணைக் 'காலி' என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்கும் வழியை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் செய்து பார்ப்போம்.

படி 1: அட்டவணை

எண், நிலை, ஆர்டர் எண், முன்பதிவு காலாவதியாகும் நேரம் ஆகிய நான்கு நெடுவரிசைகள் போதும். எண்தான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை. அதை இன்டிஜராக வைக்காமல் டெக்ஸ்டாக வையுங்கள். எண்ணைக் கூட்டிக் கழிக்கப்போவதில்லை, முன்னால் வரும் கூட்டல் குறியும் தொலையாது. ஆர்டர் எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) கட்டாயம். ஒரே ஆர்டர் தவறி இருமுறை வந்தாலும் இரண்டு எண்கள் போகாது.

படி 2: நிலைகள்

காலி, முன்பதிவு, பயன்பாடு, ஓய்வு. கடைசி நிலையை மறக்காதீர்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறொருவருக்குத் தரக்கூடாது.

படி 3: பூட்டி எடுத்தல்

டிரான்சாக்‌ஷனைத் (முழுதாக நிறைவேறும், அல்லது எதுவுமே நடக்காத கட்டளைத் தொகுப்பு) தொடங்கி, காலியான ஒரு வரிசையை 'செலக்ட்' செய்யுங்கள். 'லிமிட் 1' போட்டு, இறுதியில் 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' சேருங்கள். வெறும் 'ஃபார் அப்டேட்' என்றால், அடுத்து வருபவர் அதே வரிசையின் பூட்டுத் திறக்கும்வரை காத்து நிற்பார். 'ஸ்கிப் லாக்டு' இருந்தால், பூட்டிய வரிசையைத் தாண்டி அடுத்த எண்ணை எடுத்துக்கொள்வார். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், மைஎஸ்கியூஎல் 8.0 முதல் இந்த வசதி இருக்கிறது. எடுத்த எண்ணை 'முன்பதிவு' என்று மாற்றி, ஆர்டர் எண்ணையும் காலாவதி நேரத்தையும் எழுதி, உடனே கமிட் செய்யுங்கள், அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்கி டிரான்சாக்‌ஷனை முடியுங்கள்.

படி 4: வலையமைப்பில் பதிதல்

இனிதான் எச்எல்ஆருக்கு, அதாவது சந்தாதாரர் பதிவேட்டுக்குக் கட்டளை போக வேண்டும். கமிட்டுக்கு முன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். அது பதில் சொல்லத் தாமதித்தால், அதுவரை பூட்டும் தரவுத்தள இணைப்பும் உங்கள் கையிலேயே சிக்கிக் கிடக்கும். போஸ்ட்கிரெஸில் இயல்பாக அனுமதிக்கப்படுவதே 100 இணைப்புகள்தான். நெரிசல் நேரத்தில் அவை சீக்கிரமே தீர்ந்துவிடும்.

வெற்றி என்று பதில் வந்ததும் நிலையைப் 'பயன்பாடு' ஆக்குங்கள். அந்த அப்டேட்டில் 'நிலை இன்னும் முன்பதிவுதான், ஆர்டர் எண்ணும் இதுவேதான்' என்ற நிபந்தனை இருக்கட்டும். மாறிய வரிசைகள் 0 என்று வந்தால், முன்பதிவு கைவிட்டுப் போயிருக்கிறது. எச்எல்ஆர் பதிவை நீக்கிவிட்டு ஆர்டரை முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: காலாவதியானவை

மிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். பதில் வரவில்லை என்பதால் பதிவு நடக்கவில்லை என்று ஆகாது. பதிவு முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எனவே காலாவதியான எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு 'காலி' ஆக்காமல், எச்எல்ஆரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே விடுவியுங்கள். விடுவிக்கும்போது ஆர்டர் எண்ணை 'நல்' (மதிப்பு இல்லாத வெற்றிடம்) ஆக்குங்கள். நல் மதிப்புகள் பல இருந்தாலும் யூனிக் கட்டுப்பாடு தடுக்காது.

படி 6: சோதனை

போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தட்டும் கருவியான பிஎஸ்கியூஎல்லை இரண்டு சாளரங்களில் திறந்து, இரண்டிலும் 'பிகின்' கொடுத்து, படி 3-இன் 'செலக்ட்' வரியை ஓட்டுங்கள். இரண்டிலும் வெவ்வேறு எண்கள் வர வேண்டும். இரண்டாவது சாளரம் பதில் தராமல் நின்றால், 'ஸ்கிப் லாக்டு' விடுபட்டிருக்கிறது.